ஒற்றை ஏட்டின் வெளிச்சம்

அந்தக் காலத்தில் கல்லுக்குள் குடியிருந்தவர்களுக்கும் வாய் இருந்தது. மலையடியில் ஒரு கறுத்த கல் கிடந்தது. சுவடிக் கட்டு மாதிரி ஏட்டின்மேல் ஏடாக அடுக்கிய கல் அது. ஒவ்வோர் ஏடும் ஒரு தெரு. அந்தத் தெருக்களில் எலெக்ட்ரான் குடிகள் தோளோடு தோள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு யாரும் எழுந்திருப்பதில்லை. அதுதான் அங்கே கட்டுப்பாடு.

துள்ளாயிக்கு மட்டும் கால் ஓரிடத்தில் தரிக்காது. ஒருநாள் வெயில் உள்ளே எட்டிப் பார்த்ததும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரே தாவில் தெருவின் மாடிக்குப் போய்விட்டாள். மாடியில் ஓடியாட இடமிருந்தது, உட்காரத்தான் இடமில்லை. அப்போது கீழே, அவள் விட்டுவந்த இடத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"யாரப்பா அது, என் இடத்துல?" என்று மேலிருந்து கேட்டாள் துள்ளாயி.

"நீங்க எந்திரிச்சுப் போனதுல பொறந்தவன்க்கா. காலியப்பன்னு கூப்பிடுறாங்க."

அவள் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். அவள் வட்டமிட்டால் அவனும் வட்டமிட்டான். கூடப்பிறந்தவர் யாருமில்லாத துள்ளாயிக்கு அவன்மேல் உயிராகிவிட்டது. ஆனால் அவன் பேச்சு சரியாகக் காதில் விழவில்லை. அவன் வாய் திறந்தாலே மேலேட்டுக்காரர்களும் கீழேட்டுக்காரர்களும் நடுவில் புகுந்து குரலை அமுக்கினார்கள்.

"எங்க ரெண்டு பேருக்கு நடுவுல உங்களுக்கு என்ன வேலை?" என்று சீறினாள்.

மேலேட்டுக் கருப்பாயி சொன்னாள்: "அடி கூறுகெட்டவளே, நாங்க நடுவுல நிக்கப்போய்த்தான் அவன் இருக்கான்."

துள்ளாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏடுகள் ஒன்றையொன்று லேசாகக் கைபிடித்துக்கொண்டுதான் இருந்தன. எங்கள் ஏட்டை விட்டுவிடுங்கள் என்று அழுது ரகளை பண்ணினாள். நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் கையை விட்டார்கள். அந்த ஒற்றை ஏடு கழன்று, காற்றில் மிதந்து, ஒரு பாறைமேல் படிந்தது.

இப்போது மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. காலியப்பனின் குரல் முழுசாக வந்தது. கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை ஏக்கமா அதில்! கால் தானாக அவளை மாடி விளிம்புக்கு இழுத்து வந்தது.

"தம்பி, நான் இறங்கி வந்தா நீ எங்கடா போவே?"

அவன் தன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"பக்கத்துல ஒதுங்கிக்கிறேன்க்கா. உக்கார இடமில்லாம எவ்வளவு நேரந்தான் அலைவீங்க? வாங்க."

அவள் நம்பினாள். குதித்தாள்.

பளீரென்று ஒரு வெளிச்சம் கிளம்பி ஏட்டைவிட்டு வெளியே போனது. துள்ளாயி தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். தெருக்காரர்கள்தான் இருந்தார்கள். எள் விழக்கூட இடமில்லை, அவன் எங்கே ஒதுங்குவான்? "தம்பீ!" என்று கூப்பிட்டாள். போன வெளிச்சம் திரும்பவில்லை. பாவி, தான் இல்லாமல் போவோம் என்று தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறான்.

அடுத்த வெயில் வந்ததும் மறுபடி தாவினாள். கீழே ஒரு குரல் பிறந்தது. ஆசை ஆசையாக எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா நீங்க?" என்றது அது.

அன்று முதல்தான், கட்டாகக் கிடக்கும்போது கறுத்திருக்கும் அந்தக் கல், ஒற்றை ஏடாக உரிந்ததும் தன்மேல் ஒளி பட்டால் தானும் ஒளி விடுகிறது. கண்ணிமைக்கும் நேரம்கூடத் தங்காத தம்பிக்காகத் துள்ளாயி இன்னும் தாவிக்கொண்டுதான் இருக்கிறாள்.