இடது பக்கக் கதவு

"குருவே, இந்த மீட்டர் பொய் சொல்லுது."

பாத்திமுத்து ஷெட்டுக்குள்ள நின்ன பழைய ஃபியட்டை ஒரு சுத்து சுத்தி வந்து, குனிஞ்சு, டயரைத் தடவிப் பாத்தா.

குரு பாத்திமுத்துவுக்கு முப்பது வயசு. சிஷ்யன் இசக்கிக்கு அம்பது நெருங்குது. மேலப்பாளையத்துல இந்த ஜோடியப் பாத்து சிரிக்காத ஆளு கெடையாது. ஆனா பழைய கார் வாங்குற எவனும், இந்தப் பொண்ணு தலையாட்டாம சாவிய வாங்க மாட்டான். இன்னைக்கு, இந்த வண்டிய வாங்க நெனைக்கிற மதுரைக்காரர் ஒருத்தர் அனுப்பி வந்திருக்காங்க.

இசக்கி முன்னால கார் புரோக்கர். மீட்டரைப் பின்னால ஓட விட்டு வித்த காலம் ஒண்ணு உண்டு. அதனால எந்த மீட்டரைப் பாத்தாலும் அவனுக்கு சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருக்கும்.

"எப்படிண்ணே பொய்யி?"

"வண்டிக்கு நாப்பது வயசு. மீட்டர்ல வெறும் ஒம்பதாயிரம் கிலோமீட்டரு. எம் பொண்டாட்டி ஸ்கூட்டி ரேசன் கடைக்குப் போயே அத விட ஜாஸ்தி ஓடியிருக்கும்."

"சரி."

"இடது கதவைப் பாருங்க. தூக்கிப் புடிச்சாத்தான் சாத்த முடியுது. கீல் தேஞ்சு தொங்குது. கைப்பிடியில பளபளப்பே இல்ல. உள்ள, இடது பக்க சீட்டு குழி விழுந்து கெடக்கு, கோழி அடைகாத்த மாதிரி. அதுக்கு முன்னால டேஷ்போர்டுல, கை வெச்சு வெச்சு சாயமே போயிருச்சு."

"வலது பக்கம்?"

"புது மாப்ள மாதிரி இருக்கு. அங்கதான குருவே திருட்டு! டிரைவர் பக்கம் மட்டும் புதுப் பஞ்சு அடைச்சுத் தச்சுட்டான். இடது பக்கத்த மறந்துட்டான். இது வாடகைக்கு ஓடின வண்டி. பழைய மீட்டர்ல அஞ்சு எண்ணுதான். லச்சம் முடிஞ்சா மறுபடி சைபர். ஒரு லச்சத்த முழுங்கிட்டு, இப்ப ஒம்பதாயிரம்னு பச்சப்புள்ளையாட்டம் நிக்கி."

அவன் என்னைக்கும் மெதுவாப் பேசினது கெடையாது.

பின்னால டம்ளர் விழுந்து உருண்டுச்சு.

ஷெட்டு வாசல்ல, காப்பித் தட்டோட வீட்டுக்காரம்மா நின்னாங்க. சௌந்தரி. புருசன் போயி ரொம்ப வருசம். வண்டி அவர் புதுசா வாங்கினது.

"ஒரு லச்சமா?"

இசக்கி நாக்கைக் கடிச்சான்.

"அம்புட்டு தூரம் அவுக எங்க போனாவ?"

அந்தம்மா தட்டை வண்டி மேல வைக்கப் போயி, சட்டுனு எடுத்து தரையில வெச்சாங்க. வண்டி மேல எதையும் வெச்சுப் பழக்கமில்ல போல.

"வண்டிய மழையில எடுத்தா துருப் புடிச்சிரும்பாவ. வெயில்ல எடுத்தா சாயம் வெளுத்துரும்பாவ. கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் நாங்க பஸ்லதான் போனோம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் மட்டும் அவுக தனியா எடுத்துட்டுப் போவாவ. ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வாறேம்பாவ. எஞ்சினுக்கு நல்லதாம். ஒரு நா நானும் வாறேன்னேன். பாரம் கூடிரும்னாவ."

"நீங்க ஈர்க்குச்சி மாதிரி இருக்கீங்க, நீங்களா பாரம்?" இசக்கி வாய் தன்னால சொல்லிருச்சு.

அந்தம்மா சிரிக்கல.

"பாலத்துக்கு இல்ல, கோவில்பட்டிக்குப் போறாருன்னு ஊரு சொல்லிச்சு. அங்க இன்னொரு வீடு இருக்குன்னாங்க. நான் நம்பல. மீட்டரப் பாரு, ஒம்பதாயிரந்தான், கோவில்பட்டிக்கு வாரா வாரம் போனா இது பத்துமான்னு எல்லார்ட்டயும் சண்ட போட்டேன். அந்த ஒரு நம்பரத்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவங்க பாத்திமுத்து பக்கம் திரும்பினாங்க.

"மதுரைக்காரரு வாங்கினா வாங்குறாரு, வாங்காட்டி போறாரு. நீ எனக்குச் சொல்லு புள்ள. அது பொய்யா?"

பாத்திமுத்து இசக்கி கையப் புடிச்சு இழுத்து, வலது சீட்டோட தையல் மேல வெச்சா. அப்புறம் இடது சீட்டோட தையல் மேல.

ரெண்டும் ஒரே நூலு. ஒரே பழசு. யாரும் பிரிச்சதில்ல.

அவன் தலைய உள்ள அமுக்கி, மூணு பெடலையும் காட்டினா. ரப்பர்ல வரி வரியா மேடு அப்படியே இருந்துச்சு. லச்சம் கிலோமீட்டர் மிதிச்ச பெடல் வழுக்கையாயிரும், இசக்கி தலை மாதிரி.

"அப்ப இடது பக்கம்?" அவன் விடல. "டிரைவரே அதிகம் உக்காராத வண்டியில, பக்கத்துல எவன் குருவே உக்காந்தான்?"

பாத்திமுத்து வலது கதவைத் தொறந்து, ஸ்டியரிங் முன்னால ஏறி உக்காந்தா.

"அம்மா, நீங்களும் ஏறுங்க."

சௌந்தரியம்மா வண்டிய சுத்திட்டு வந்தாங்க. பாக்காமலே கைப்பிடியப் புடிச்சாங்க. உக்காந்தாங்க. கதவைக் கொஞ்சம் தூக்கி, சத்தமில்லாம சாத்தினாங்க. சேலைத் தலைப்ப மடியில இழுத்துப் போட்டாங்க.

அவங்க வலது கை தானா முன்னால போச்சு. டேஷ்போர்டுல சாயம் போன எடத்துல போயி உக்காந்துச்சு.

அந்த எடமும் அந்தக் கையும் ஒரே அளவு.



"எப்ப இருந்தும்மா?" பாத்திமுத்து கேட்டா.

"அவுக போன பெறவுதான். உசுரோட இருக்கையில எங்க ஏறவிட்டாவ? சாயங்காலம் ஜெபம் முடிச்சுட்டு வந்து கொஞ்ச நேரம் இருப்பேன். வேறென்ன சோலி எனக்கு? முன் கண்ணாடி வழியா வாசல் கேட்டு தெரியும். அதப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டு பூட்டிக் கெடந்துச்சு.

"இசக்கிண்ணே," பாத்திமுத்து கூப்பிட்டா. "மீட்டர் என்ன சொல்லுது?"

அவன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான். கண்ணு சரியாத் தெரியல. துடைச்சுட்டு மறுபடி பாத்தான்.

"உண்மையத்தான் சொல்லுது."

"அம்மாட்ட சொல்லுங்க."

"யம்மா, உங்க வீட்டுக்காரர் கோவில்பட்டிக்கெல்லாம் போகல. பாலம் வரைக்கும்தான் போயிருக்காரு. போயிட்டு நேரா வீட்டுக்கு வந்திருக்காரு."

சௌந்தரியம்மா மொகத்துல சிரிப்பு வந்துச்சு. சின்னப்புள்ள சிரிப்பு. "நான் சொன்னேம்லா," அப்படின்னாங்க. "ஊருக்கே சொன்னேம்லா."

கேட்டைப் பாத்து சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

கொஞ்ச நேரத்துல அந்தக் கை டேஷ்போர்டுல இருந்து எறங்குச்சு. சீட்டுல குழி விழுந்த எடத்தத் தடவிப் பாத்துச்சு.

"அப்படின்னா," மெதுவாக் கேட்டாங்க, "அவுக பாலத்துக்குப் போகையில எல்லாம், இந்த எடம் சும்மாத்தான கெடந்திருக்கு?"