காதில்லாத சங்கு

காட்டாறு மலையை விட்டு இறங்கித் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய பாறை. பாறை மேல் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். என்றைக்கோ வந்து தங்கிய மனிதர்கள் விட்டுப்போனது. கூரையில் சோலார் தகடு இருந்ததால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது கருமந்தியின் வேலை.

மலை மேலே ஆற்றுக்குள் ஓர் இரும்புக் குச்சி நட்டிருந்தது. வெள்ளம் வந்து குச்சி முழுகினால் இங்கே கம்ப்யூட்டரில் சங்கு ஊதும். ஊஊஊ! கரையில் இருக்கும் பிராணிகள் எல்லாம் மேட்டுக்கு ஓடிவிடும்.

ஒரு நாள் காலையில் நீர்நாய் மூச்சு வாங்க ஓடி வந்தது.

"மந்தி அண்ணே! போன மழைக்குச் சங்கு ஊதினப்போ தண்ணி என் பொந்து வாசலுக்கே வந்தாச்சு! எனக்கு மூணு குட்டி. இன்னும் கண்ணே திறக்கல. வாயில ஒண்ணைத்தான் கவ்வ முடியும். மூணு நடை நடக்கணும். மூணாவது குட்டி வாலை நனைச்சுக்கிட்டுத்தான் பிழைச்சது!"

"நான் என்னம்மா பண்ணட்டும்? இது இப்பல்லாம் ஒரு படம் திறக்கவே அரை நாள் எடுக்குது. உள்ளே ஏகப்பட்ட புரோகிராம் கிடக்கு. எல்லாம் ஒண்ணை ஒண்ணு முண்டுது."

"அப்ப வேண்டாததைத் தூக்குங்க! இன்னிக்கே!"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதை முடிவு செய்வதானாலும் ஆளுக்கு ஒரு கூழாங்கல். எது வேண்டுமோ அதற்குக் கல் வைக்கலாம். கல் விழாதது வெளியே!

மந்தி கூப்பிட்டதும் கரடி வந்தது. மயில் வந்தது. மூலையில் எறும்புதின்னும் அழுங்கு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் இரை தேடிவிட்டுப் பகலில் அங்கேதான் படுக்கும். உடம்பெல்லாம் செதிலாக உருண்டு கிடந்ததால், ஏதோ பாறைத்துண்டு என்று நினைத்து மயில் அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டது. அதற்கு ஒருவரும் கல் கொடுக்கவில்லை.

மந்தி ஒவ்வொரு பெயராகப் படித்தது.

"தேன்கூட்டு விளையாட்டு!"

"அதுல கை வெச்சா நடக்கிறதே வேற!" என்று கரடி தன் கல்லைப் பட்டென்று வைத்தது. "நூத்துப் பதினாலாவது கூட்டுல இருக்கேன்!"

"படத்தை அழகாக்குறது!"

"என்னுது!" மயில் கல்லை உருட்டிவிட்டது. "அது இல்லேன்னா என் தோகை போட்டோவுல வெறும் விளக்குமாறு மாதிரி தெரியுது."

"நேர்ல மட்டும் என்னவாம்?" என்றது கரடி.

"மின்னல் வேகம்!" என்று படித்த மந்தி தானே கல் வைத்தது. அது மந்தியே எங்கிருந்தோ பிடித்துப் போட்ட புரோகிராம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, 'உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது!' என்று திரையில் வந்து கத்தும். வேறு ஒன்றும் செய்யாது.

"சங்கு!"

நீர்நாய் பாய்ந்து போய்க் கல்லை வைத்தது. "இது போதும் எனக்கு. இது ஒண்ணு இருந்தாப் போதும்!"

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதற்குப் பெயர்கூடச் சரியாக இல்லை. ஏதோ எழுத்தும் எண்ணும் மட்டும். படம் கிடையாது. தொட்டால் எதுவும் திறக்கவில்லை. சத்தமும் இல்லை.

"இது என்ன பண்ணுது?" என்று கேட்டது மயில்.

"தெரியல. எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு. எதுவும் பண்ணிப் பார்த்ததில்ல."

"சும்மா உக்காந்து தின்னுது!" என்றது கரடி. "இதுக்கு யாராவது கல் வெச்சிருக்கீங்களா?"

எல்லோரும் நீர்நாயைப் பார்த்தார்கள். அதன் கையும் காலி.

"தூக்குங்க," என்றது நீர்நாய்.

மந்தி அதைக் குப்பைத்தொட்டிக்குள் தள்ளியது. 'தொட்டியைக் காலி செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. பதில் சொல்வதற்குள் கரடி மந்தியைப் புட்டத்தால் இடித்துத் தள்ளிவிட்டு விளையாட உட்கார்ந்துவிட்டது.

அடடா, என்ன வேகம்! தேன்கூடுகள் பறந்தன! மயில் நாற்பது படம் எடுத்தது! மந்தி சங்கைத் தட்டிப் பார்த்தது. தொட்டவுடன் ஊஊஊ! நீர்நாய் துள்ளிக் குதித்தது. அன்று அது நிம்மதியாக மீன் பிடிக்கப் போனது.

மூன்று நாள் கழிந்தது. நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் கருமேகம்.

நீர்நாய் நடு ஆற்றில் இருந்தது. திடீரென்று தண்ணீர் சில்லென்று ஆனது. கலங்கல் வந்தது. மலை மேல் மட்டுமே முளைக்கும் மூங்கிலின் இலைகள் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. பொந்துக்குப் பாய்ந்து ஒரு குட்டியைக் கவ்வி, மேட்டில் கொண்டு போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடியது.

"அண்ணே! வெள்ளம் வருது! சங்கு ஏன் ஊதல?"

"ஊதலேன்னா வெள்ளம் இல்லேன்னு அர்த்தம்! கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? இங்க பாரு, நல்லாத்தான் இருக்கு!"

மந்தி சங்கைத் தட்டியது. ஊஊஊ! கரையில் இருந்த மான்களும் முயல்களும் அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்தன.

"பயப்படாதீங்க! சும்மா டெஸ்ட்டு!" என்று மந்தி கையாட்டியது.

ஓடி வந்தவை எல்லாம் திட்டிக்கொண்டே திரும்பக் கரைக்கு இறங்கின!

இந்தச் சத்தத்தில் அழுங்கு விழித்துக்கொண்டது. மெதுவாகச் சுருள் பிரிந்து திரையைப் பார்த்தது.

"ஏம்ப்பா மந்தி, எப்பவும் ஓடிக்கிட்டே இருக்குமே ஒண்ணு, அது எங்கே?"

"அதுவா? சும்மா தின்னுக்கிட்டு இருந்துச்சு. தூக்கிட்டோம்."

"அடப் பாவி! மலை மேல குச்சி சொல்றதைக் கேக்கிறது அதுதானே! மனுஷங்க இங்க இருந்தப்பவே பேசிக்கிட்டாங்களே! ராத்திரி நான் கிளம்புறப்பவும் முழிச்சிருக்கும், திரும்பி வர்றப்பவும் முழிச்சிருக்கும். சங்குக்கு வாய்தான் இருக்கு. அதோட காதை அறுத்துட்டீங்களே!"

நீர்நாய்க்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை. இரண்டாவது குட்டிக்காகப் பாய்ந்தது.

மந்தி விளையாடிக்கொண்டிருந்த கரடியைப் பிடித்து இழுத்தது. "கரடி, எழுந்திரு! தொட்டி காலியாகாம இருக்கணும், இருக்கணும்..."

காலியாகவில்லை! மந்தி அந்தப் பெயரில்லாததை எடுத்து அதன் இடத்தில் வைத்தது. வைத்த கையை எடுக்கக்கூட இல்லை. ஒருவரும் தொடாமலே சங்கு கத்தியது.

ஊஊஊஊ!

"டெஸ்ட்டு இல்ல! டெஸ்ட்டு இல்ல! ஓடுங்க!" என்று மந்தி தகரக் கூரையில் ஏறிக் குதித்துக் குதித்துக் கத்தியது. மான்கள் ஓடின! முயல்கள் ஓடின!

நீர்நாய் இரண்டாவது குட்டியை மேட்டில் போட்டுவிட்டுத் திரும்பியபோது பொந்து வாசல் தண்ணீருக்குள் போயிருந்தது.

"உள்ளே ஒண்ணு இருக்கு! என் குட்டி உள்ளே இருக்கு!"

கரடி தடதடவென்று இறங்கியது. "வாசல் போனா போகுது! கூரை எங்கே, சொல்லு!"

"அந்த வேருக்குப் பக்கத்துல!"

கரடி இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தது. கல் பறந்தது, வேர் அறுந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவியது. ஈரமாக, வழுவழுவென்று, கையளவு உயிர் ஒன்று வெளியே வந்தது. இந்தத் தடவையும் அதே மூன்றாவது குட்டி! இந்தத் தடவை கழுத்து வரை நனைந்திருந்தது.

கரடி அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியது. குட்டி தண்ணீரைக் கக்கியது. பிறகு கரடியின் விரலைக் கடித்தது.

"பிழைச்சுக்கும்," என்றது கரடி.

வெள்ளம் வடிந்ததும் மறுபடி கல் வைத்தார்கள். இந்தத் தடவை அழுங்குக்கும் ஒரு கல் உண்டு. "முதல்ல ஒவ்வொண்ணும் என்ன வேலை செய்யுதுன்னு சொல்லணும். அப்புறம்தான் கல்," என்றது அது.

'மின்னல் வேகம்' என்ன செய்கிறது? "கத்தும்," என்றது மந்தி. தன் கையாலேயே அதைத் தொட்டிக்குள் போட்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் இன்னும் வேகமாக ஓடியது!

அழுங்கு தன் கல்லைச் சங்குக்கு வைத்தது. நீர்நாய் பெயரில்லாததின் முன்னால் வந்து நின்றது. ஒரு கல்தான் கொடுத்திருந்தார்கள். அது மூன்று வைத்தது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒன்றை வேண்டாம் என்று தள்ளுமுன், அதற்காக யார் குரல் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல், அது சத்தமில்லாமல் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.