செம்மண் பூசிய தென்மூலை

மேலைக்குன்றத்தில் தீப்பிடித்து நூறு வீடு சாம்பலானது. மழைக்கு இன்னும் இரண்டே மாதம். வீடு கட்டப் பொதுக்காட்டில் எவ்வளவு மரம் வெட்டலாம், காடும் கெடக்கூடாது, ஊரும் நனையக்கூடாது, கணக்குச் சொல்லுங்கள் என்று காட்டு அதிகாரி அம்பலவாணருக்கு அரசரின் ஆணை வந்தது.

மொத்தம் இரண்டாயிரம் காணி என்று பழைய ஓலையைப் பார்த்துச் சொல்லிவிடத்தான் முதலில் நினைத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவருக்கே பட்டது. காலில் கொப்புளம் வர ஒரு மாதம் நடந்தார்.

வெட்டினால் மண் சரியும் என்று செங்குத்துச் சரிவுகளை விட்டார். ஓடைக்கரையையும் யானைத்தடத்தையும் விட்டார். தேனெடுப்பவர்கள் கேட்டுக்கொண்ட மரங்களை விட்டார். வண்டி ஏறாது என்று பாதி மலை கழிந்தது. விட்ட இடமெல்லாம் துணி வரைபடத்தில் செம்மண் பூசினார். மிஞ்சிய காடு எழுபது வீட்டுக்குத்தான் காணும்.

மனம் கேட்காமல் குரு தவமணி அம்மையிடம் வந்தார். காட்டின் தென்மூலையில் தேக்குமரங்களின் நடுவே குடிசை போட்டிருப்பவர் அம்மை. அம்பலவாணரைவிடப் பத்து வயது இளையவர். ஞானத்துக்கு நரை எதற்கு என்பார் அம்பலவாணர்.

"எந்த முப்பது வீட்டுக்கு இல்லைன்னு சொல்றதும்மா?"

அம்மை வரைபடத்தை விரிக்கச் சொல்லி, சிவந்த இடங்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காரணம் கேட்டார். அம்பலவாணர் தயங்காமல் சொன்னார். அம்மைக்கு முகம் மலர்ந்தது. கடைசியில் விரல் தென்மூலைக்கு வந்தது.

"இது சரிவா?"

"இல்லம்மா. சமதரை."

"யானை வருமா?"

"வராது."

"வண்டி?"

"வாசல் வரைக்கும் வரும்."

"பின்னே ஏன் சிவப்பு?"

அம்பலவாணர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க இருக்கிற இடம்மா."

"காடு யாரோடது?"

"ஊரோடது."

அம்மை முந்தானையைச் செம்புத் தண்ணீரில் நனைத்து அந்த மூலையைத் துடைத்தார். கறை முழுக்கப் போகவில்லை. விடாமல் தேய்த்தார்.

"முப்பது வீட்டுக்குக் காணுமா?"

"காணும்." நிம்மதியும் துக்கமும் ஒன்றாய் வந்தால் மனிதன் என்னதான் செய்வான்.

"அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்க. துளிர்க்கும்."

"துளிர்த்து மரமாக எத்தனையோ வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் வெயில்ல எங்கம்மா உட்காருவீங்க?"

அம்மை வரைபடத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"முப்பது வீடு இருக்குமே. ஒரு வீட்டுலயாவது உட்காரச் சொல்ல மாட்டாங்களா?"