வாட்ச் விழுங்கிய வளைவுகள்

இது நான் நேரில் பார்த்ததல்ல. நாமக்கல் ஓட்டக் குழு ஒன்றில் ஓடும் ஷகீலா சொல்லக் கேட்டது. இதில் வரும் குழுக் கூட்டத்தில் ஷகீலா இருந்தார். மற்றதைத் திருமேனியே அவரிடம் சொன்னாராம். எனக்கு நிச்சயமில்லாததை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

திருமேனிக்கு நாற்பத்தாறு வயது. நாமக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் மரியசெல்வி, அவரைவிடப் பதினாறு வயது இளைய பெண். திருமேனி அவரைக் 'கோச்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

குழுவிலிருந்து நான்கு பேரை ஊட்டியில் நடக்கும் தொடர் ஓட்டத்துக்கு அனுப்புவதாக இருந்தது. தேர்வு இதுதான்: கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடி ஏற வேண்டும். அவரவருக்குத் தோதான நாளில் தனியாக ஓடலாம். கையில் கட்டிய வாட்ச்சின் பதிவை அனுப்பினால் போதும்.

திருமேனி ஓடினார். மேலே போய்ச் சேர்ந்தார். பதிவை அனுப்பினார்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் தலைவர் நல்லசிவம் எழுதினார்: "திருமேனி வளைவுகளைச் சுற்றவில்லை. குறுக்கே ஏறியிருக்கிறார். பதிவே சாட்சி. அவர் பெயர் நீக்கப்படுகிறது."

அதற்குக் கீழே யாரோ, மலையில் குறுக்கே ஏறும் ஓர் ஆட்டின் படத்தைப் போட்டார்கள். பலர் சிரித்தார்கள்.

அன்று மாலையே திருமேனி மைதானத்துக்குப் போனார். மரியசெல்வி அங்கே இருந்தார்.

"பார்த்தீங்களா கோச்சம்மா?"

"பார்த்தேன்."

"ஆடுங்கறானுங்க. என் பொண்ணு ஃபோனை எடுத்துப் பார்த்துட்டா. 'நெஜமாவாப்பா'ன்னு கேக்கறா. பெத்த பொண்ணு கேக்கறா!"

மரியசெல்வி அவருடைய ஃபோனை வாங்கிப் பதிவைப் பார்த்தார். வரைபடத்தில் மலைச்சாலை மடிந்து மடிந்து ஏறியது. அதன்மேல் திருமேனியின் கோடு, துணியில் கத்தரி போவதுபோல நேராகப் போயிருந்தது. தூரமும் பல கிலோமீட்டர் குறைந்திருந்தது.

"ஏன் இப்படி?"

"பழைய வாட்ச். ஜி.பி.எஸ்ஸை முழுசா வச்சா நொடிக்கு நொடி இடத்தைக் குறிக்கும். ஆனா பாதி மலையிலயே சார்ஜ் தீர்ந்துடும். அதனால பேட்டரி சேமிப்புல வச்சேன். அப்பப்ப ஒரு புள்ளி வைக்கும், தூங்கிடும். முழிச்சதும் பழைய புள்ளியையும் புதுப் புள்ளியையும் நேரா இழுத்துச் சேர்த்துடும். நான் சுத்தின வளைவெல்லாம் அதுல போச்சு."

"முழுசா வச்சிருந்தா?"

"நடுவுல செத்திருக்கும். அங்கயே நின்னுட்டேன்னு சொல்லியிருப்பானுங்க."

"அப்ப வாட்ச் செத்தா நீங்க தோத்தவர். உயிரோட இருந்தா திருடர்."

"கேலி பண்ணாதீங்க கோச்சம்மா."

"நான் சிரிக்கலையே அண்ணா."

"நீங்களாவது என்னை நம்பறீங்களா?"

மரியசெல்வி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்க."

அங்கிருந்து கிளம்பும்போது, நல்லசிவத்தின் மேல் இருந்த கோபத்தைவிட மரியசெல்வியின் மேல்தான் திருமேனிக்குக் கோபம் அதிகமாக இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் முடிந்ததும், ஏரிக்கரைப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் குழு கூடியது. நல்லசிவம் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஏரிக்கு அந்தக் கரையில் வீடு. மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்ததும் மரியசெல்வி எழுந்தார்.

"சார், ஒரு சின்னக் கேள்விங்க. காலையில வீட்ல இருந்தீங்களா?"

"வீட்ல இல்லாம? டீயைக் குடிச்சுட்டுத்தானே கிளம்பினேன்."

"இப்ப இங்க இருக்கீங்க."

"ஏம்மா, கண்ணு தெரியலையா?"

மரியசெல்வி கரும்பலகையில் ஏரியை வரைந்தார். அந்தக் கரையில் ஒரு புள்ளி வைத்தார். இந்தக் கரையில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டையும் ஒரே கோட்டில் சேர்த்தார்.

"தண்ணி மேல நடந்து வந்திருக்கீங்க சார். எங்க வேதத்துல இப்படி ஒரு கதை உண்டு. நாமக்கல்லுல இப்பத்தான் பார்க்கறேன்."

வகுப்பறை சிரித்தது. "தலைவர் ஷூ நனைஞ்சிருக்கா பாருங்கப்பா" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

நல்லசிவத்தின் முகம் மாறியது.

"ரோடு கரையைச் சுத்தித்தானே போகுது? சுத்தித்தான் வந்தேன்."

"யாருங்க பார்த்தா?"

"யாரு பார்க்கணும்? நான்தான் சொல்றேன்ல?"

"படத்துல அப்படி இல்லீங்களே."

"படம் போட்டது நீ! நடுவுல நான் எங்க இருந்தேன்னு உனக்கு என்ன தெரியும்? என்னைப் பொய்யன்ங்கறியா? என் வார்த்தைக்கு ஒரு மரியாதை இல்லையா?"

மரியசெல்வி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"திருமேனி அண்ணன் கேட்டதும் இதைத்தான் சார். அவருக்கு ஆட்டுப் படம் கிடைச்சுது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "சரி, விடுங்க. நல்ல வாட்சா ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டுத் திரும்ப ஓடட்டும். பேரைச் சேர்த்துக்கலாம்."

அப்போதுதான் திருமேனி எழுந்தார்.

"எதுக்குங்க திரும்ப ஓடணும்? மலை ஏறினது என் காலு. வாட்ச் இல்ல."

"சரிப்பா, சரி. ஓட வேண்டாம். சேர்த்தாச்சு. உட்காரு."

"இங்க சொன்னா ஆச்சுங்களா? வாட்ஸ்அப்புலதானே என்னைத் திருடன்னீங்க? அங்கயே எழுதுங்க. என் பொண்ணு படிக்கணும்."

"எழுதறேன்பா."

"இப்பவே."

நல்லசிவம் ஃபோனை எடுத்தார். சிறிது நேரத்தில் வகுப்பறையில் இருந்த எல்லா ஃபோன்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. 'திருமேனி எழுபது வளைவுகளையும் சுற்றித்தான் ஏறினார். அணியில் இருக்கிறார்' என்று இருந்தது.

வெளியே வந்ததும் மரியசெல்வி ஸ்கூட்டரை எடுக்கப் போனார். திருமேனி குறுக்கே போய் நின்றார். அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"அன்னிக்கு வாய் விட்டுக் கேட்டேன், நம்பறீங்களான்னு. நீங்க பேசவே இல்லை. இந்த வாரம் பூரா எனக்கு ஒரு வாய் சோறு எறங்கலை, தெரியுங்களா?"

"தெரியாதுண்ணா."

"நான் சுத்தித்தான் ஏறினேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலை."

"அதுவும் தெரியாதுண்ணா. நான் அங்க இல்லையே."



"தெரியாமயா இத்தனை பேருக்கு முன்னால எனக்காக நின்னீங்க?"

மரியசெல்வி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சாத்தான் நிக்கணும்னா, நான் எதுக்குண்ணா? நல்ல வாட்ச் போதுமே."

திருமேனி வழிவிட்டு நின்றார்.

பின்னர் அந்தக் குழுவின் தேர்வு விதிகளை நானே தேடிப் படித்தேன். 'வாட்ச்சின் பதிவே இறுதியானது' என்ற வரி அதில் இன்னும் இருக்கிறது.