நீயே எழுதிக்கொண்டு வா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதை இப்போதே கையில் கொடுத்துவிட்டால் நீங்கள் பாட்டுக்கு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் முதலில் ஓர் அழுகையைப் பார்த்துவிட்டு வருவோம்.

அழுதவள் தையல்நாயகி. தடங்கண்ணூர் ஆற்றில் ஓடம் விடுகிறவரின் மகள். அடுத்த கிரகணம் என்றைக்கு என்று மணலில் கணக்குப் போட்டே சொல்லிவிடுவாள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற இடம் அரண்மனைத் தோட்டம். எதிரே உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தவன் அம்பலவாணன். ராஜா பூபதிரங்கரின் சபையில் அவனுக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பட்டத்து யானை மாதிரி பிளிறுவான், மகாராணி மாதிரி இருமுவான். அவன் இல்லாவிட்டால் ராஜாவுக்குப் பொழுது போகாது.

"என்ன ஆச்சு பிள்ளே?"

"கல்விச்சாலை மேன்மை வகுப்புல இந்த வருஷம் ஒரே ஒரு இடம்தான் அண்ணே. அஞ்சு வருஷத்துக்குச் சோறு, துணி, சுவடி எல்லாம் அரண்மனை பார்த்துக்கும். தேர்வுல தேறினது நானும் தலைவரோட மருமகனும்தான். பதினேழு வயசு தாண்டினா சேர்க்க மாட்டாங்க. எனக்கு வர்ற தையில பதினெட்டு."

"சரி, அழுகை எதுக்கு?"

"நற்சான்று ஓலை!"

அதுதான் விஷயம். கல்விச்சாலைத் தலைவர் மகுடேசரின் முத்திரை பதித்த நற்சான்று ஓலை இல்லாமல் எந்த விண்ணப்பமும் சபை ஏறாது. தையல்நாயகி மூன்று நாள் அவர் முன்னால் போய் நின்றாள். மூன்றாம் நாள்தான் அவர் வாய் திறந்தார், தலையைத் தூக்காமலே.

"என்ன சொன்னாருன்னு நான் சொல்லட்டுமா?" என்ற அம்பலவாணன் தொண்டையைச் செருமி, மகுடேசராகவே மாறினான். "அதாகப்பட்டது... நீயே எழுதிக்கொண்டு வா, பெண்ணே. நான் முத்திரை வைக்கிறேன்."

"அதேதாண்ணே!" அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (நான் சொன்ன சிரிப்பு இதில்லை. பொறுங்கள்.)

வருஷா வருஷம் இதே கூத்துதான். தன்னைப் பற்றித் தானே எழுதுகிற பிள்ளை எவ்வளவுதான் எழுதும்? 'அடக்கமானவள், நேரத்துக்கு வருவாள்' என்று கூச்சத்தோடு இரண்டு வரி. மருமகன் சொக்கேசனுக்கோ மாமாவே உட்கார்ந்து நாற்பது வரி எழுதிவிட்டார். இரண்டையும் சபையில் படித்தால் இடம் யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா?

"நீ எழுதிக்கிட்டுப் போறதைப் படிச்சுப் பார்ப்பாரா?"

"எங்கேண்ணே! சுருட்டி நீட்டினா அரக்கை ஊத்தி ஒரே குத்து. மத்த வகுப்புக்கு ஓலை வாங்க எனக்கு முன்னால நின்னவங்களுக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சாரு."

அம்பலவாணன் வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டான். "அப்போ ஒரு பொய்கூட வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுது" என்று சொல்லிவிட்டு, அவள் காதில் ஏதோ கிசுகிசுத்தான்.

"ஐயோ! படிச்சுட்டாருன்னா?"

"படிச்சுட்டாருன்னா ஊர்கூடித் திருவிழாவே எடுக்கலாம். நீ போ."

போனாள். சுருட்டி நீட்டினாள். அரக்கு. ஒரே குத்து. முடிந்தது.

மறுநாள் சபை. சொக்கேசனின் ஓலையை மகுடேசரே படித்தார். "அதாகப்பட்டது, இவன் அறிவுக் கடல். இவன் தும்மினாலும் அதில் ஓர் இலக்கணம் இருக்கும்..." நாற்பதாவது வரி வந்தபோது ராஜா மூன்றாவது கொட்டாவியில் இருந்தார்.

அம்பலவாணன் எழுந்தான். "மகாராஜா, அடியேனுக்கு ஒரு சந்தேகம். தலைவர் ஓலையைப் படித்துப் பார்த்துத்தான் முத்திரை வைப்பாரா?"

மகுடேசருக்கு வந்ததே கோபம்! "என்னடா கேள்வி இது? எழுத்தெண்ணிப் படிப்பேன்! என் முத்திரை இருந்தால் அது என் வாக்கு!"

"இந்த ஓடக்காரர் மகள் ஓலையும்?"

"எல்லா ஓலையும்தான்!"

"படி, கேட்போம்" என்றார் ராஜா.

அம்பலவாணன் அரக்கை உடைத்தான். சபையில் மகுடேசர் இருவர் ஆனார்கள். குரல் அப்படி.

"அதாகப்பட்டது, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. மூன்று நாள் என் முன் நின்றாள். நான் தலை தூக்கவில்லை. இந்த ஓலையை எழுதியது நான் அல்ல, அவளே. இதை நான் படிக்கவும் இல்லை. நான் படிப்பதில்லை என்பதைக் கவனித்து, அதை எழுதவும் துணிந்தவள் இவள் ஒருத்திதான். எதிரே இருப்பதை இப்படிக் கவனிக்கிறவளுக்கு வானத்தையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்தால் நாட்டுக்கு நல்லது."

சபை குலுங்கியது. சேனாதிபதி தூணைப் பிடித்துக்கொண்டார். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகுடேசரோ எதையும் கேட்கவில்லை. இடம் கிடைத்தவருக்கு ராஜா தரும் பட்டுச் சால்வையை எந்தக் கையால் வாங்குவது என்று மருமகனுக்குக் கிசுகிசுத்துக்கொண்டே, சரிந்த தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஓடக்காரர் மகளின் அந்த இரண்டு வரி அடக்கத்துக்குத்தான் இத்தனை சிரிப்பு என்று நினைத்து, தானும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மகுடேசரே, இது உம் வாக்குத்தானே?"

"எழுத்துக்கு எழுத்து, மகாராஜா!"

"உண்மைதானே?"

"சத்தியம்!"

"அப்படியானால் உம் சத்தியத்தை மீற நான் யார்? இடம் தையல்நாயகிக்கே!"

மகுடேசர் மருமகனை முன்னே தள்ளினார். "போடா, கூப்பிடுகிறார்."

"மாமா... என்னைக் கூப்பிடலை."

பட்டுச் சால்வை அதற்குள் தையல்நாயகியின் தோளில் ஏறிவிட்டது. மகுடேசர் திடுக்கிட்டார். "மகாராஜா, அதாகப்பட்டது, நான் எப்போது இவளை..."

அம்பலவாணன் மிகப் பணிவாக ஓலையை நீட்டினான். வாங்கினார். கண்ணை இடுக்கினார். உதடு அசைய அசைய ஒவ்வொரு வரியாகப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் சிவந்தது.

"பொய்!" என்று கத்தினார். "அப்பட்டமான பொய், மகாராஜா! இதை நான் படிக்கவில்லையாம்! இதோ, இப்போதுதானே படிக்கிறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.