சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

நாமக்கல்லில் லாரி முதலாளி நாச்சிமுத்து வாயைத் திறந்தால் ஷெட்டே கைகட்டி நிற்கும். அந்த வருஷம் டிரைவர்களுக்குக் கட்டிவந்த விபத்து இன்சூரன்ஸை அவர் நிறுத்திவிட்டார். ஷெட்டைக் கூட்டிப் பெருக்கும் துளசாமணியின் புருஷனும் அங்கே டிரைவர்தான். அவள் போய்க் கேட்டாள்.

"இத்தனை வருஷம் கட்டினேன், ஒண்ணும் நடக்கலையே! இன்சூரன்ஸ்காரன்கிட்ட அந்தக் காசைத் திருப்பி வாங்கிட்டு வா, மறுபடி கட்டறேன்" என்றார்.

மறுநாள் காலை வடக்கே போகும் லாரி கிளம்ப வேண்டும். சக்கரத்தடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சம்பழத்தைக் காணோம். அதை வாங்கி வைப்பது துளசாமணியின் வேலை.

"பழம் எங்க புள்ளே?" என்று முதலாளி கத்தினார்.

"கடைக்காரர் தரமாட்டேங்கறாருங்க. போன தடவை வச்ச பழத்துக்குக் காசைத் திருப்பிக் கேட்டனுங்க. ஒண்ணும் நடக்கலீங்களே!"

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதானே பழமே வைக்கறோம், கிறுக்கச்சி!"

டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துளசாமணி மட்டும் சிரிக்காமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் போலக் கேட்டாள்.

"சரிங்க. பழத்தையும் மீறி ஏதாச்சும் நடந்துட்டா, எங்க வூட்டு அடுப்பை எந்தப் பழமுங்க பத்தவைக்கும்?"

முதலாளி அந்த எலுமிச்சம்பழத்தையே கடித்தவர் போல முகத்தைச் சுளித்தார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"முதல்ல இன்சூரன்ஸைக் கட்டுய்யா. அப்புறம் பழம் வாங்கு. அதுவரைக்கும் வண்டி நகரக் கூடாது."