உப்புக்கிடங்குத் தெருவின் கடைசிப் படம்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்.

ராயபுரத்து உப்புக்கிடங்குத் தெருவை மேம்பாலத்துக்காக இடிக்கப்போகிறார்கள் என்றதும், துறைமுகத்தில் ஓய்வுபெற்ற தணிகாசலம் ஒரு கேமரா வாங்கினார். இடிப்பதற்குள் அத்தனை வீட்டையும் படமெடுத்துவிட வேண்டும். கற்றுக்கொடுத்தவள் பவுலின், அவர் மகளைவிடச் சின்னவள். அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் சார்.

"வீட்டை எடுத்தா ஆளுங்க குறுக்க குறுக்க வராங்க, டீச்சர். எந்த லென்ஸ் வாங்கட்டும்?"

"லென்ஸ் வேணாம், சார். ஸ்டாண்டுல நிறுத்தி, முன்னால கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைங்க. நிக்கிறது படத்துல விழும். நடக்கிறது விழாது."

அவர் எப்படித் திறந்துவைத்தார் தெரியுமா? ஒரு கல்யாண ஊர்வலமே குதிரை, பேண்டு செட்டோடு கடந்து போயிற்று. படத்தில் குதிரைச் சாணம் மட்டும் இருந்தது.

"இடிக்க வரவனுக்கு வேலையே இல்ல, நீயே தெருவைக் காலி பண்ணிட்டியே!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மனைவி ரூபாவதி மட்டும் டீ கிளாஸோடு வாசலில் வந்து நின்றுவிடுவாள்.

"நிக்காதே, நட! படத்துல விழுந்துடுவே."

"ஏன், நான் இந்தத் தெருவுல சேர்த்தி இல்லையா?" சிரித்துக்கொண்டே நடப்பாள்.

தெரு இடிபட்டது. வாடகை வீட்டுக்குச் சாமான் ஏற்றிய வாரமே ரூபாவதியும் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணப் படம் என்றைக்கோ வெள்ளத்தில் போய்விட்டது. ஆதார் அட்டையில் இருந்தவள் யாரோ ஜேப்படிக்காரி. தெருப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சுவர், ஜன்னல், வாசல். ஆள் இல்லை.

பவுலினிடம் ஓடினார்.

"வாசல்ல அவ நடந்தா, டீச்சர். என் கண்ணால பார்த்தேன். படத்துக்குள்ளே எங்கியோ இருப்பா. எதை வாங்கினா அவளை வெளியே எடுக்கலாம்? நல்ல லென்ஸா, பெரிய கேமராவா? சொல்லுங்க, வாங்கிடறேன்."

பவுலின் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை இடிந்த தெருவுக்கு அழைத்துப் போனாள். வீடு இருந்த மண்ணுக்கு எதிரே கேமராவை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள்.

"நடங்க, சார்."

"எங்கே?"

"அவங்க நடந்த இடத்துல."

நடந்தார். போனார், வந்தார். கால் கடுத்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே நடந்தார். ஒரு காக்கை உடைந்த செங்கல்மேல் உட்கார்ந்து அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு படத்தைக் காட்டினாள். மண், செங்கல், காக்கை.

"நான் எங்கே, டீச்சர்?"

"அவங்க பக்கத்துல, சார்."

"இதையே பெருசா போட்டுக் கொடுங்க, டீச்சர்" என்றார் தணிகாசலம்.

பதினாறாம் நாள் அந்தப் படத்துக்குத்தான் மாலை விழுந்தது. வீடு இருந்த இடமாக்கும் என்று உறவுக்காரர்கள் கும்பிட்டுப் போனார்கள். உயிரோடிருக்கிற ஒருத்தருக்கும் சேர்த்துத்தான் மாலை விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் குதிப்பார்கள். சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.